பழைய காப்புரிமை விண்ணப்பத்தைக் கடைசி வாக்கியத்திலிருந்து படியுங்கள்

கேள்வி இதுதான்: “19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலத்து அமெரிக்கக் காப்புரிமை ஆவணங்கள் சிலவற்றை அண்மையில் படித்தேன். வேலி, பூட்டு, காலணிப் பொறி என்று எல்லாமே அன்றாடப் பயன்பாட்டுக்கானவை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஆள் எழுதியதுபோல் இருக்கிறது. விவசாயிகளும் தொழிலாளர்களும் இவ்வளவு சட்டநடையில் எப்படி எழுதினார்கள்? அத்தனை சின்ன மாற்றங்களுக்கு உரிமை எப்படிக் கிடைத்தது? இவற்றை எப்படிப் படிப்பது?”

கடைசிக் கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஆவணத்தின் கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள். காப்புரிமை விண்ணப்பங்களை எழுதுவதையே நெடுங்காலமாகத் தொழிலாகக் கொண்டிருப்பவன் நான். இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் கொடுப்பது, முள்கம்பி வேலிக்காக இல்லினாய் மாநிலத்தின் டிகால்ப் ஊரைச் சேர்ந்த ஜோசப் கிளிடன் என்ற விவசாயி பெற்ற 1,57,124-ஆம் எண் அமெரிக்கக் காப்புரிமையைத்தான். மிகச் சிறிய ஆவணம் அது, மூன்றே படங்கள், இறுதியில் ஒரே ஒரு கோரிக்கை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறார் என்று சுட்டும் வாக்கியம். உங்கள் கேள்விகளுக்கான விடைகள் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

கிளிடனிடம் போவதற்குமுன் அன்றைய நடைமுறையைச் சற்றுச் சொல்ல வேண்டும். விண்ணப்பித்தவருக்கெல்லாம் உரிமை வழங்காமல், பொருள் உண்மையிலேயே புதியதா, பயனுள்ளதா என்று தேர்வாளர்கள் சோதித்த பிறகே வழங்கும் முறையை அமெரிக்கா 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏற்படுத்தியது. 1861-இல் கட்டணமும் காலமும் திருத்தப்பட்டன: விண்ணப்பிக்கும்போது 15 டாலர், உரிமை வழங்கப்படும்போது 20 டாலர், ஆக 35 டாலருக்கு 17 ஆண்டு உரிமை, இடையில் புதுப்பிப்புக் கட்டணம் எதுவும் இல்லை. அதே காலத்தில் பிரிட்டனில் 14 ஆண்டு உரிமையை முழுமையாகக் காப்பாற்றிக்கொள்ள மூன்று தவணைகளில் மொத்தம் 175 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. 1883-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே தொடக்கக் கட்டணத்தை 25 பவுண்டிலிருந்து 4 பவுண்டாகக் குறைத்தது. அந்த ஆண்டு 5,993-ஆக இருந்த விண்ணப்பங்கள் மறு ஆண்டே 17,110-ஆக உயர்ந்தன. யோசனைகள் எளியவர்களிடம் முன்பே இருந்தன, கட்டணம்தான் அவர்களைத் தடுத்து வைத்திருந்தது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். அமெரிக்க விவசாயி ஒருவர் வேலிக்கம்பிக்கு விண்ணப்பிக்க முடிந்ததற்கு முதற்காரணம் அந்த 35 டாலர்தான்.

அடுத்து நடை. “யாவரும் அறிக, இன்ன மாநிலத்து இன்ன ஊரில் வசிக்கும் இன்னாராகிய நான், இன்ன பொருளில் புதியதும் பயனுள்ளதுமான மேம்பாட்டைக் கண்டுபிடித்துள்ளேன்” என்று தொடங்கி, “புதியதென நான் உரிமை கோருவது யாதெனில்” என்று முடிவுக்கு வரும் வார்ப்பை விவசாயிகள் உருவாக்கவில்லை. காப்புரிமை அலுவலகம் தன் விதிகளோடு படிவ மாதிரிகளையும் அச்சிட்டு வெளியிட்டது; அவற்றைப் பின்பற்றி எழுதிக் கொடுப்பதற்கென்றே வாஷிங்டனிலும் மற்ற நகரங்களிலும் வழக்கறிஞர்களும் முகவர்களும் இருந்தார்கள். சயன்டிபிக் அமெரிக்கன் இதழை நடத்திய மன் நிறுவனம் அந்தக் காலத்தின் மிகப் பெரிய காப்புரிமை முகமைகளுள் ஒன்று. எங்கோ ஒரு சிற்றூரில் இருப்பவர் தன் கருவியைப் பற்றிக் கடிதம் எழுதினால், அதைச் சட்டத்துக்கேற்ற மொழியில் ஆக்கித் தருவது அவர்கள் வேலை. நம் ஊரில் பத்திரம் எழுதுபவர் “நாளது தேதியில்” என்று தொடங்குவதைப் போன்றதுதான் இது. நிலம் விற்பவரின் குரலை அந்தச் சொற்றொடரில் யாரும் தேடுவதில்லை. ஆனால் எல்லைகளைக் குறிக்கும் பகுதியில் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு உயிர்.

அப்படி எழுதியதில் வெறும் வழக்கத்துக்கு மேலான காரணமும் உண்டு. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் விண்ணப்பதாரரிடம் இரண்டைக் கேட்டது. அத்தொழில் தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்து அதேபோலச் செய்யக்கூடிய அளவுக்கு முழுமையாகவும் தெளிவாகவும் விவரிக்க வேண்டும். தான் எதைப் புதியதென்று உரிமை கொண்டாடுகிறாரோ அந்தப் பகுதியைத் தனியே பிரித்துச் சுட்ட வேண்டும். முதலாவது விவரக்குறிப்பு, இரண்டாவது கோரிக்கை. இவற்றோடு, தானே அதை முதலில் கண்டுபிடித்தவர் என்று தாம் நம்புவதாக உறுதிமொழி தர வேண்டும். இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும்.

வரைபடங்களுக்கும் கண்டிப்பான விதிகள் இருந்தன. 10 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் கொண்ட வழவழப்பான கெட்டித் தாள், ஓர் அங்குல ஓரக்கோடு, முழுக் கருமையான மை. ஒளி எப்போதும் இடதுபுற மேல்மூலையிலிருந்து 45 பாகைச் சாய்வில் விழுவதாகக் கொண்டு நிழல் தீட்ட வேண்டும். ஒரே உறுப்பு எத்தனை படங்களில் வந்தாலும் அதற்கு ஒரே எழுத்துதான். இந்த விதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள்: எந்தப் பக்கம் கோடு தடித்திருக்கிறதோ அந்தப் பக்கம் நிழல், ஆகவே அந்த உறுப்பு மேடாக நிற்கிறதா, குழிந்திருக்கிறதா என்பது சொல்லாமலே தெரிந்துவிடும். பல தாள்களின் அடியில் நாரிஸ் பீட்டர்ஸ் என்ற பெயரைப் பொடி எழுத்தில் காண்பீர்கள். அது கண்டுபிடித்தவரின் பெயரோ சாட்சியின் பெயரோ அன்று, வரைபடங்களை அச்சிட்ட வாஷிங்டன் அச்சகத்தின் பெயர்.

1880 வரை பெரும்பாலான இயந்திரங்களுக்குச் சிறு மாதிரி ஒன்றையும் செய்து அனுப்ப வேண்டியிருந்தது. எப்பக்கமும் ஓர் அடிக்கு மிகாத மாதிரி. 1877 செப்டம்பர் 24 அன்று காப்புரிமை அலுவலகத்தில் பிடித்த தீயில் அப்படிப்பட்ட மாதிரிகள் பல்லாயிரக்கணக்கில் அழிந்தன. மரத்திலும் பித்தளையிலும் யார் யாரோ இரவெல்லாம் உட்கார்ந்து செதுக்கிய உழைப்பு அது. அதை எண்ணும்போது இன்றும் எனக்கு மனம் வலிக்கிறது. 1880-க்குப் பிறகு மாதிரி கேட்பது விதிவிலக்காகி, படமும் சொல்லுமே பொருளுக்குப் பதிலாக நிற்க வேண்டியதாயிற்று.

சில வேளைகளில் அவை போதவில்லை. காலணி செய்வதில், மேல்தோலைக் கால் வடிவ மரக்கட்டையின்மேல் இழுத்து, மூக்கிலும் குதியிலும் சுருக்கம் விழாமல் மடித்து, உள்ளடியோடு சேர்க்கும் வேலையைக் கைத்தேர்ச்சியுள்ள தொழிலாளி மட்டுமே செய்ய முடியும் என்று மாசசூசெட்ஸின் லின் நகரில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். நல்ல தொழிலாளி ஒருவர் நாளுக்கு 50 இணை முடிப்பார். சுரினாமிலிருந்து வந்து அங்கே காலணித் தொழிற்சாலையில் வேலைபார்த்த யான் மாட்செலிகர் என்ற கறுப்பினத் தொழிலாளி, அந்த விரல்களின் அசைவுகளைக் கூர்ந்து பார்த்து, அவற்றைப் பொறிக்குக் கற்பித்தார். அவர் விண்ணப்பத்தைப் படித்தும் வரைபடங்களைப் பார்த்தும் நம்ப முடியாமல், அலுவலகம் ஒருவரை லின்னுக்கே அனுப்பி இயந்திரம் ஓடுவதைப் பார்க்கச் சொன்னதாக அவரைப் பற்றிய வரலாறுகள் கூறுகின்றன. 1883 மார்ச் 20 அன்று 2,74,207-ஆம் எண் உரிமை வழங்கப்பட்டது. அவருடைய பொறிகள் நாளுக்கு 150 முதல் 700 இணை வரை முடித்தன. 1889-இல் தம் 36-ஆம் வயதில் அவர் காசநோயால் இறந்தார்.

மாட்செலிகரின் பொறி சிக்கலின் ஓர் எல்லை. கிளிடனின் கம்பி எளிமையின் மறு எல்லை. மரமில்லாத அமெரிக்கப் புல்வெளியில் வேலி கட்டப் பலகை கிடைக்காது. வெறுங்கம்பியில் மாடுகள் முதுகைத் தேய்த்துச் சாய்த்துவிடும்; அந்தக் கம்பி வெயிலில் தொய்யும், குளிரில் இறுகி அறும். 1873-இல் டிகால்ப் மாவட்டக் கண்காட்சியில் ஹென்றி ரோஸ் என்பவர் கூர்முனைகள் பதித்த மரச்சட்டத்தைக் கம்பியில் தொங்கவிட்டுக் காட்டினார். அதைப் பார்த்தவர்களில் மூவர் ஊர்க்காரர்கள்: விவசாயி கிளிடன், இரும்புக்கடை வைத்திருந்த ஐசக் எல்வுட், மரவியாபாரி ஜேக்கப் ஹேய்ஷ். மூவரும் முள்ளைக் கம்பியிலேயே வைத்தால் என்ன என்று தனித்தனியே முனைந்தார்கள். கிளிடன், காப்பிக்கொட்டை அரைக்கும் கைப்பொறியை மாற்றியமைத்துச் சிறு கம்பித்துண்டுகளை வளைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. வளைத்த முள்ளைக் கம்பியில் கோத்தால் அது நழுவி ஒரு பக்கமாகப் போய்ச் சேர்ந்துகொண்டது, சுழலவும் செய்தது. இரண்டாவது கம்பி ஒன்றைச் சேர்த்துக் கயிறு திரிப்பதுபோல் முறுக்கியபோது முள் அசையாமல் நின்றது.

1873 அக்டோபர் 27 அன்று அவர் விண்ணப்பித்தார். அப்போது அவருக்கு வயது 60. 1874 நவம்பர் 24, செவ்வாய்க்கிழமை உரிமை வழங்கப்பட்டது. அதன் ஒரே கோரிக்கையைத் தமிழில் சொன்னால் இப்படி அமையும்: “முறுக்கிய வேலிக்கம்பி, அதில் டி என்னும் குறுக்கு முள்கம்பியானது தன் நடுப்பகுதியில் வளைந்து வேலிக்கம்பியின் ஏ என்னும் புரியைச் சுற்றியிருக்க, அப்புரியோடு சேர்த்து முறுக்கப்பட்ட இசட் என்னும் மற்றொரு புரி அதை உரிய இடத்திலும் நிலையிலும் இறுக்கிப் பிடித்திருக்கும், சாராம்சத்தில் இங்கு விவரித்தபடி.”

இதை மெதுவாகப் படியுங்கள். முள் தனக்கு உரியது என்று கிளிடன் கோரவில்லை. முறுக்கிய கம்பியும் தனக்கு உரியது என்று கோரவில்லை. முள் ஒரு புரியைப் பற்றுகிறது, மறுபுரி முள்ளைப் பற்றுகிறது. இந்தப் பிடிப்பைத்தான் கோருகிறார். “இடத்திலும் நிலையிலும்” என்று இரண்டு சொற்கள் வருவதற்கும் காரணம் இருக்கிறது: முள் பக்கவாட்டில் நழுவக்கூடாது என்பது இடம், சுழன்று சாயக்கூடாது என்பது நிலை. கண்காட்சிக்குப் பிறகு அவர் பட்ட இரண்டு தொல்லைகளும் அந்த இரு சொற்களில் அடங்கிவிட்டன.

இதைவிட முக்கியமான ஒன்றைக் கோரிக்கையில் இல்லாததிலிருந்து அறியலாம். முட்கள் தளர்ந்தால் கம்பியை மீண்டும் முறுக்கி இறுக்குவதற்காகக் கம்பத்தின் ஊடே செல்லும் முறுக்குச்சாவி ஒன்றையும் கிளிடன் விவரக்குறிப்பில் விரிவாக எழுதி, வரைந்தும் காட்டியிருக்கிறார். கோரிக்கையில் அதற்கு இடமே இல்லை. சாவியையும் சேர்த்து ஒரே கோரிக்கையாக எழுதியிருந்தால், சாவியில்லாமல் வேலி கட்டிய எவரும் உரிமையை மீறாதவர் ஆகியிருப்பார். கோரிக்கையில் ஒரு சொல் கூடினால் உரிமையின் எல்லை ஓரடி சுருங்கும்; இதைப் புரிந்துகொண்டால் அந்தக் காலத்து ஆவணம் எதையும் நீங்கள் படித்துவிடலாம். விவரிப்பில் எட்டு உறுப்புகள், கோரிக்கையில் மூன்று என்றால், அந்த மூன்றில்தான் கண்டுபிடிப்பு இருக்கிறது என்று அவரோ அவர் முகவரோ முடிவுசெய்திருக்கிறார். அல்லது மற்றவை ஏற்கெனவே இருப்பவை என்று தேர்வாளர் சொல்லிவிட்டார்.

இவ்வளவு சின்ன மாற்றத்துக்கு உரிமையா என்ற உங்கள் கேள்வியை அன்றே எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் கேட்டார்கள். 1867-இல் வில்லியம் ஹண்ட் என்பவர் கம்பியில் சுழலும் சிறு முட்சக்கரங்களுக்கு உரிமை பெற்றிருந்தார். 1868-இல் மைக்கேல் கெல்லி, துளையிட்ட தகட்டு முட்களைக் கம்பியில் கோத்து உரிமை பெற்றார். இன்னொரு கம்பியைச் சேர்த்து முறுக்கலாம் என்றுகூட எழுதியிருந்தார். தகட்டு முள்ளுக்குப் பதில் கம்பி முள் என்பதைத் தவிர மிச்சம் என்ன? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதி பிரவுன் எழுதிய தீர்ப்பின் கருத்து என் தொழிலில் இன்றும் மேற்கோளாகப் பயன்படுவது: அவ்வளவு அருகில் வந்த கெல்லிக்கு அந்தக் கடைசி மாற்றம் தோன்றவில்லை, தோன்றியவருக்குக் கண்டுபிடிப்பாளர் என்ற தகுதியை மறுக்கக்கூடாது, காப்புரிமைச் சட்டத்தில் வெல்வது கடைசிப் படியே. பயன்பாட்டை வைத்துப் பார்த்தாலும் அந்த முடிவு சரியென்றே நான் கருதுகிறேன். கெல்லியின் வேலி பரவவில்லை. முள்கம்பி உற்பத்தியோ 1874-இல் சுமார் 10,000 பவுண்டு எடையாக இருந்து 1880-இல் 8 கோடி பவுண்டைத் தாண்டியது.

சேர்க்கை எல்லாமே கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்பதற்கு 1870-களின் நடுவில் அதே நீதிமன்றம் தீர்த்த பென்சில் வழக்கைச் சொல்லலாம். பென்சிலின் ஒரு முனையில் அழிப்பானைப் பொருத்தியதற்கு ஹைமன் லிப்மன் 1858-இல் பெற்றிருந்த உரிமை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. பென்சில் எழுதுகிறது, அழிப்பான் அழிக்கிறது. சேர்ந்திருப்பதால் இரண்டும் தத்தம் பழைய வேலையைத் தவிரப் புதிதாக எதையும் செய்யவில்லை. கிளிடனின் முள்ளையும் புரியையும் பிரித்துப் பாருங்கள்: முள் நழுவும், ஒற்றைக் கம்பி அறும். சேர்ந்தால் ஒன்றை ஒன்று காக்கின்றன.

இருவர் ஒன்றையே கோரினால் யார் முந்தியவர் என்று அலுவலகமே விசாரித்தது. 1874-இல் ஹேய்ஷ் கிளிடனுக்கு எதிராக அப்படி ஒரு தகராறு எழுப்பினார். அதைக் கடந்தே கிளிடனுக்கு உரிமை கிடைத்தது. எல்வுட்டோ கிளிடனின் கம்பியே தன்னுடையதைவிட மேல் என்று ஒப்புக்கொண்டு, உரிமை வழங்கப்படும் முன்பே 265 டாலருக்குப் பாதிப் பங்கை வாங்கினார். 1876-இல் கம்பி உற்பத்தி செய்த வாஷ்பர்ன் அண்டு மோயன் நிறுவனம் மீதிப் பாதிக்கு 60,000 டாலரும் விற்பனையில் பங்கும் கொடுத்தது. தட்டையடிக் காகிதப்பை செய்யும் பொறியை உருவாக்கிய மார்கரெட் நைட்டின் வழக்கும் யார் முந்தியவர் என்ற வகையே: பட்டறையில் நைட்டின் இயந்திரத்தைப் பார்த்துவிட்டுச் சார்லஸ் அன்னன் என்பவர் தானே விண்ணப்பித்துவிட, நைட் தம் வரைபடங்களையும் குறிப்புகளையும் சாட்சிகளையும் கொண்டுவந்து நிறுத்தி வென்று, 1871-இல் உரிமை பெற்றார். தேதியிட்ட குறிப்பேட்டைக் கண்டுபிடிப்பாளர்கள் அப்படிக் காத்ததற்குக் காரணம் இதுவே.

தேதியைப் பற்றி மற்றொன்று. அன்றைய சட்டப்படி, விண்ணப்பிப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பொருள் பொதுவில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டால் உரிமை போய்விடும். சாமுவேல் பார்ன்ஸ் என்பவர் பெண்களின் கச்சுக்கு உடையாத எஃகுச் சட்டம் செய்து 1855-இல் தம் தோழிக்குக் கொடுத்தார், 1866-இல்தான் விண்ணப்பித்தார். ஆடைக்குள் யார் கண்ணிலும் படாமல் ஒரே பெண் அணிந்திருந்தாலும், எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்ததால் அது பொதுப்பயன்பாடே என்று 1881-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சாலையில் மரக்கட்டைத் தளம் பதித்த நிக்கல்சன், பாஸ்டனில் மக்கள் நடமாடும் சாலையிலேயே 75 அடி நீளத்துக்கு அதை அமைத்து, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தம் கைத்தடியால் தட்டிப் பார்த்துச் சோதித்த பிறகு விண்ணப்பித்தபோதும் அவர் உரிமை நிலைத்தது. சோதனை வேறு, பயன்பாடு வேறு.

முள்கம்பி வழக்கின் பெரும் பகுதியும் இதைச் சார்ந்ததே. ஐயோவா மாநிலத்தின் டெல்ஹை ஊர்க் கண்காட்சியில் 1858 அல்லது 1859-லேயே மார்லி என்பவர் முள்வேலி காட்டினார் என்று பலர் சாட்சி சொன்னார்கள். பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொல்லும் சாட்சியம், அவர்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும், ஓர் உரிமையை அழிக்கப் போதாது என்று கூறிக் கீழ்நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மாற்றியது. நீதிபதி பீல்டு மட்டும் உடன்படவில்லை. தீர்ப்பு வந்த நாள் 1892 பிப்ரவரி 29. கிளிடனின் 17 ஆண்டுகள் 1891 நவம்பரிலேயே முடிந்திருந்தன. அந்த வெற்றி கடந்த காலத்து மீறல்களுக்கு மட்டுமே பயன்பட்டது.

கடைசியாக, அச்சிட்ட ஆவணத்தில் எதைத் தேடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காப்பிப்பொறி கிளிடனின் விண்ணப்பத்தில் இல்லை. ரோஸின் மரச்சட்டம் இல்லை. தேர்வாளர் எதை மறுத்தார், எந்தச் சொல்லை மாற்றச் சொன்னார் என்பதும் அச்சுப்படியில் தெரியாது. அவை விண்ணப்பத்தின் கோப்பில், கடிதங்களாக இருக்கும். அக்காலத்துக் கோப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. உங்களுக்குப் பிடித்த ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்து, அதன் காப்புரிமை எண்ணைக் குறிப்பிட்டுக் கோப்பின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். முதலில் எழுதிய கோரிக்கையையும் இறுதியில் ஏற்கப்பட்ட கோரிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடித்த சொற்கள் எவை, சேர்த்த சொற்கள் எவை என்று பாருங்கள்.